கல்மழையில் காணாமற்போன மிசின்

விமலேஸ்வரி மழைமானியைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், படலைக்கு வெளியே ஒரு பெண் இரண்டு தடவை வந்து நின்று இரண்டு தடவையும் திரும்பிப் போனாள். மூன்றாவது தடவை வந்தபோது விமலேஸ்வரி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"உள்ளுக்கு வாங்கோ, வடிவம்மா. படலை பூட்டேல்லை."

வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணைப் பார்த்தாலே இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது. உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல், முந்தானையைச் சுருட்டுவதும் விடுவதுமாக நின்றாள்.

"அம்மா, எங்க வீட்டுக்காரரு மிசினத் திருடிட்டாருன்னு சொல்றாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு ஊர் விதானையார் விசாரிக்க வர்றாரு. அதோட நாங்க சட்டி பானையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடணுமாம்."

"எந்த மிசின்?"

"கதிர்காமநாதன் ஐயா வீட்டுல தண்ணி எறைக்கிற மிசின். நேத்துக் கல்மழை பெஞ்சப்போ கெணத்தடியிலருந்து காணாமப் போயிருச்சு. ஐயா வீட்டுல எல்லாரும் பங்கருக்குள்ள இருந்தாங்க. இவரு மட்டுந்தான் வெளிய இருந்தாரு. அதான்."

அது 1993ஆம் ஆண்டு, புரட்டாதி மாதம். ஐப்பசியில் வரவேண்டிய மழை ஒரு மாதம் முந்தி, அதுவும் கல்லாக வந்து, வன்னியில் அக்கராயன் சனங்களின் நிம்மதியைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. முதல்நாள் பின்னேரம் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. பத்து நிமிடம் பாக்குப் பருமனில் கற்கள் விழுந்தன. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வெயில் எறித்தது. ஊரில் வயதானவர்கள்கூட அதுவரை ஆலங்கட்டியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் யுத்த காலம் என்பதால், தகரக் கூரையில் சடசடவென்று ஏதாவது விழுந்தால் அது என்ன என்று எல்லாருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். "ஹெலிக்காரன் சுடுறான்!" என்று யாரோ கத்த, ஊரே பதுங்குகுழிகளுக்குள் இறங்கிவிட்டது. ஆகவே அக்கராயனில் பெய்த கல்மழையை அக்கராயனில் அநேகம் பேர் பார்க்கவே இல்லை.

பார்த்த சிலரில் விமலேஸ்வரி ஒருவர். நீர்ப்பாசனக் கந்தோரின் மழைமானியைப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். தினமும் ஒரே நேரத்தில் அளக்கவேண்டும். அளந்ததை மட்டும் எழுதவேண்டும். பதினெட்டு வருடம் இதையே செய்தவருக்குத் தான் பார்த்தது எது, தானாக நினைத்துக்கொண்டது எது என்று பிரித்துவைக்கும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. யாருடைய வரம்பை யார் வெட்டினார், யாருடைய மாட்டை யார் அவிழ்த்தார் என்று பிணக்கு வந்தால், பொலிசுக்குப் போகப் பயந்தவர்கள் முதலில் இந்தப் படலைக்குத்தான் வருவார்கள். அந்தக் காலத்தில் பொலிசுக்குப் போகப் பயப்படாதவர்கள் குறைவு.

"காணிக் கச்சேரி எப்ப?" என்று விமலேஸ்வரி கேட்டார்.

வடிவம்மாவின் கண்கள் கலங்கின. "வர்ற புதன்கெழமைம்மா. பன்னெண்டு வருசமாக் காட்டை வெட்டிக் குடியிருந்த நெலத்துக்கு அன்னைக்குப் பத்திரம் குடுக்கிறதாச் சொன்னாங்க. எழுபத்தேழுக் கலவரத்துல மலைத் தோட்டத்துலருந்து அடிச்சு வெரட்டினாங்க. இங்க வந்து இந்த ஒரு துண்டு நெலத்த நம்பித்தான் இருக்கோம். திருடன்னு பேரு வந்துட்டா யாரும்மா பத்திரம் தருவா? இதையும் விட்டுட்டு இனி எங்க போறது?"

விமலேஸ்வரி மழைமானியை அதன் இடத்தில் வைத்தார். அவர் சைக்கிளை எடுக்கத் திரும்புமுன்பே, "நானும் வாறன் அக்கா!" என்று முற்றத்து வேம்பின் கீழிருந்து ஒரு குரல் வந்தது.

குரலுக்குரியவன் கிருசாந்தன். சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். முப்பத்திரண்டு வயது. விமலேஸ்வரியின் சைக்கிள் பிறேக்கைச் சரிசெய்ய வந்த சாட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஊரில் ஒரு கோழி காணாமற்போனாலும் கடையைப் பூட்டிவிட்டு விமலேஸ்வரியின் பின்னால் புறப்பட்டுவிடுவது அவன் வழக்கம். கடையில் வேலை ஓடாதது ஏன் என்று அவன் மனைவி அடிக்கடி கேட்பாள்.

* * *

வழியெங்கும் ஊர் அடிவாங்கிக் கிடந்தது. வாழை இலைகள் நாராகக் கிழிந்து தொங்கின. மருதமரங்களின் கீழ்ப் பச்சை இலை கம்பளமாகக் கிடக்க, அதன் நடுவே செத்த கிளிகளும் மைனாக்களும் கிடந்தன. பூசணிக்கொடி வைத்திருந்த ஒருத்தி, ஓட்டையான காய் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். வானத்தைத் திட்டினாளா, அரசாங்கத்தைத் திட்டினாளா என்பது விளங்கவில்லை. சனங்கள் வேலையைத் தொடங்குவதும் விடுவதுமாக இருந்தார்கள். ஒரு சிறிய மேகம் சூரியனை மறைத்தாலும் எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. ஆனையிறவுப் பக்கம் இரண்டு ஷெல் வெடித்தன. அதற்கு யாரும் நிமிரவில்லை. பழகிய சத்தம்.

"அக்கா, நான் சொல்லுறன் கேளுங்கோ," என்றான் கிருசாந்தன். "நேற்று மத்தியானம் பரந்தன் பக்கத்து ரக்டர் ஒண்டு இந்த றோட்டாலை போனது. அவங்கள்தான் ஏத்திக்கொண்டு போயிருப்பாங்கள்."

"ரக்டர்க்காரனைக் கண்டனீரோ, மிசினைக் கண்டனீரோ?"

"ரக்டர்க்காரனைத்தான்."

"அப்ப ரக்டரைப் பற்றி மட்டும் கதையும்," என்றார் விமலேஸ்வரி. கிருசாந்தன் அரை மைல் தூரம் வாய் திறக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது நெடுந்தூரம்.

திடீரென்று விமலேஸ்வரி சைக்கிளை நிறுத்தி வீதியோரத்தைக் காட்டினார். "இதைப் பாரும்."

புழுதியில் சின்னச் சின்ன வட்டக் குழிகள். அம்மைத்தழும்பு விழுந்த முகம்போல நிலம் முழுவதும் குழி.

"கல் விழுந்த தடம். நேற்றுக் கல்தான் விழுந்தது, மழை விழேல்லை. எல்லாம் உருகின பிறகு மழைமானியிலே நாலு மில்லிமீற்றர்தான் இருந்தது. அதுதான் தடம் அழியாமல் காய்ஞ்சு இறுகிக் கிடக்கு. இது எங்கை இருக்கு, எங்கை இல்லை எண்டு பாத்துக்கொண்டு வாரும்."

பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் மாட்டுவண்டில் நின்றிருந்தது. அதைச் சுற்றிக் குழி; வண்டிலுக்குக் கீழே மட்டும் புழுதி மாவாக, ஒரு வடுவும் இல்லாமல் கிடந்தது. கிருசாந்தன் அதை ஒரு நல்ல வேடிக்கையாக மட்டுமே எடுத்துக்கொண்டான்.

* * *

கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, வயலும் மிளகாய்த் தோட்டமுமாக உழைத்து முன்னேறியவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் முதல்நாள் முழுவதும் கோபப்பட்டுக் களைத்துப்போய்க் கதிரையில் சாய்ந்திருந்தார்.

"விமலேஸ்வரி, நீங்கள் வந்தது சரி. ஆனா இதிலே துப்புத்துலக்க ஒண்டுமில்லை. வடிவம்மாவின்ரை மனிசன் வீரையா பன்னிரண்டு வருசம் என்ரை சோத்தைத் திண்டவன். இந்தப் பொருளாதாரத் தடைக்குள்ளை இன்னொரு மிசினுக்கு நான் எங்கை போறது? தண்ணியில்லாட்டி மிளகாய்க் கண்டு முழுக்கச் செத்துப்போம்."

"மிசினைக் கடைசியாக் கண்டது ஆர்?"

"நான்தான்," என்று முன்னே வந்தான் நிஷாந்தன். கதிர்காமநாதனின் மருமகன். கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகவில்லை. மெலிந்த, சுறுசுறுப்பான ஆள். ஓரிடத்தில் நிற்கமாட்டாமல் காலை மாற்றிக்கொண்டிருந்தான். "மிசின் ஓடிக்கொண்டு இருந்தது. நான் பக்கத்திலேயே நிண்டனான். கூரையிலே சத்தம் கேட்டவுடனை மிசினை நிப்பாட்டிப்போட்டு ஓடி வந்து பங்கருக்குள்ளை குதிச்சனான். மாமா, மாமி, என்ரை மனிசி ராஜினி எல்லாரும் இருந்தவை. கால் மணித்தியாலம் கழிச்சு வெளியிலே வந்தால், வீரையா கிணத்தடிப் பக்கத்தாலை ஒரு சாக்குப் படங்கைத் தலையிலே போட்டுக்கொண்டு வாறான். ஓடிப் போய்ப் பாத்தன். மிசின் இல்லை."

"வீரையா என்ன சொன்னவர்?"

நிஷாந்தன் சிரித்தான். "நாத்துமேடைக்குப் படங்கு பிடிச்சவராம்! ஊரெல்லாம் ஹெலி சுடுறானெண்டு பங்கருக்குள்ளை கிடக்க, இவர் மிளகாய் நாத்துக்குக் குடை பிடிச்சவராம். கேட்ட சனமெல்லாம் சிரிச்சது."

கதிர்காமநாதனின் மனைவி இலட்சுமி தேநீர் கொண்டுவந்து வைத்தார். நல்ல கதைக்காரி. கேட்காமலே சொல்லத் தொடங்கினார். "வீரையா ஆக்கள் இருக்கிற உந்த ஓரத்துக் காணியை ராஜினிக்குச் சீதனமெண்டுதான் நாங்கள் வாயாலை சொல்லி வைச்சனாங்கள். பிறகு பாத்தால் அது அரசாங்கக் காணியாம், இருக்கிறவைக்குத்தான் பத்திரமாம். பாவம், இந்த மருமகப் பிள்ளையும் தீவுப்பக்கத்து வீடுவாசலை ஆமியிட்டை விட்டுட்டு வந்தது. சரி, போகட்டுமெண்டு நாங்களும் பேசாமல் இருந்தனாங்கள்."

"மாமி, அந்தக் கதை இப்ப ஏன்?" என்றான் நிஷாந்தன்.

விமலேஸ்வரி தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, கிணற்றடியைப் பார்க்கலாமா என்று கேட்டார். தாராளமாகப் பாருங்கோ என்றார் கதிர்காமநாதன்.

* * *

கிணற்றடியில் இரண்டு பனங்குற்றிகள் ஒரு முழ இடைவெளியில் பதிக்கப்பட்டிருந்தன. மிசின் எப்போதும் அவற்றின் மேல்தான் இருக்கும். குற்றிகளின் தலை எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. மேலே கூரை கிடையாது. பக்கத்தில் மரமும் கிடையாது. விமலேஸ்வரி குந்தியிருந்து, குற்றிகளுக்கு நடுவிலிருந்த புழுதியில் உள்ளங்கையை வைத்தார். எடுத்துவிட்டு எண்ணினார். இரண்டடி தள்ளி மீண்டும் கையை வைத்து எண்ணினார்.

"பதினொண்டு. இங்கை பன்னிரண்டு. சரியெண்டு நீரும் பாரும்."

கிருசாந்தனும் எண்ணினான். சரியாகத்தான் இருந்தது. என்ன சரி என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. "அக்கா, நேரம் போகுது. கள்ளனைத் தேடுவமே?"

விமலேஸ்வரி தோட்டத்துக்குள் நடந்தார். கத்தரி, வெண்டி எல்லாம் தண்டோடு முறிந்து கிடந்தன. அவற்றின் நடுவே, பாய் இரண்டை விரித்த அளவில் மிளகாய் நாற்றுமேடை. ஓர் இலைகூடக் கிழியாமல் பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு மூலையில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு நாற்றுகள் நசுங்கியிருந்தன. அங்கே வெறுங்கால்கள் இரண்டு ஆழமாகப் பதிந்திருந்தன, ஒரே இடத்தில் நெடுநேரம் ஊன்றி நின்றதுபோல. விமலேஸ்வரி அந்தக் காலடிகளை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகம் மாறியதைக் கிருசாந்தன் கண்டான். கோபமா வருத்தமா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"மிசினைத் தனி ஆள் எப்படிக் கொண்டுபோகலாம்?" என்று கேட்டார்.

"தூக்கிக்கொண்டு கனதூரம் போகேலாது. சைக்கிள் கரியரிலே கட்டினால் உருட்டலாம்," என்ற கிருசாந்தன், சொல்லிமுடிக்குமுன் நிலத்தைப் பார்த்துச் சட்டென்று நின்றான். கிணற்றடியிலிருந்து வைக்கோற்போர்ப் பக்கமாக ஒரு சைக்கிள் தடம் போயிற்று. அவன் முழங்காலில் விழுந்து, விரலால் அதைத் தொட்டான்.

"அக்கா! இது என்ரை தையல்!"

"என்ன?"

"ரயர் கிடைக்காத காலமெல்லே. வெடிச்ச ரயருக்கு உள்ளுக்குத் துண்டு வைச்சு நைலோன் நூலாலை தைச்சுக் குடுக்கிறனான். ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா இந்த எட்டுத் தையல் நிலத்திலே விழும். பாருங்கோ, இங்கை ஒண்டு, அங்கை ஒண்டு. ஆனி மாதம் தைச்சது. இது..." அவன் குரல் தணிந்தது. "இது நிஷாந்தன்ரை பின் சில்லு."

"அவரின்ரை வளவிலே அவரின்ரை சைக்கிள் ஓடுறது குற்றமில்லை. தடத்துக்கு மேலை என்ன இருக்கெண்டு பாரும்."

தடத்தின் மேல் கல் விழுந்த குழிகள் இருந்தன. தையலின் அடையாளம் ஒன்றைக் கல்லொன்று பாதியாகக் குழித்திருந்தது. போன தடம் ஒரு விரல் ஆழம். பக்கத்திலே அதே சில்லு திரும்பி வந்த தடம் இருந்தது. அது லேசாகத்தான் பதிந்திருந்தது. அதன் மேலும் குழிகள்.

தடம் வைக்கோற்போருக்குப் பின்னால் போய், பாதி தூர்ந்துபோன ஒரு பழைய பதுங்குகுழியின் வாயில் முடிந்தது. பாம்பு புகுந்தது என்று இரண்டு வருடத்துக்கு முன் கைவிட்ட குழி அது. வாயைப் பனையோலைகள் மூடியிருந்தன. பச்சை ஓலைகள், ஆனால் கல் பட்டு மேற்பக்கமெல்லாம் கிழிந்திருந்தது.

"தூக்கிப் பாப்பம் அக்கா!" கிருசாந்தன் பாய்ந்தான்.

விமலேஸ்வரி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இப்ப தூக்கினால் என்ன சொல்லுவினம்? வீரையா ஒளிச்ச இடத்தைக் கண்டுபிடிச்சிட்டினமெண்டு சொல்லுவினம். மிசின் கிடைக்கும், அந்த மனிசனுக்கு நிலம் கிடையாது. நாலு மணிக்கு எல்லாரின்ரை கண்ணுக்கும் முன்னாலை தூக்குவம். அதுவரை இதை ஆரும் தொடாமல் பாக்கவேணும்."

"எப்படி?"

"உம்மடை சைக்கிளுக்குக் காத்துப் போயிட்டுது."

"போகேல்லையே!"

விமலேஸ்வரி குனிந்து வால்வைத் திறந்துவிட்டார். காற்று சீறிக்கொண்டு போனது. அன்று காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை, அக்கராயனின் திறமான சைக்கிள் திருத்துநர், வைக்கோற்போரின் பக்கத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, இல்லாத ஓட்டை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். நிஷாந்தன் மூன்று தடவை அந்தப் பக்கம் வந்து, மூன்று தடவையும் "இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

* * *

நாலு மணிக்கு விதானையார் வந்தார். முற்றத்தில் இருபது இருபத்தைந்து பேர் கூடிவிட்டார்கள். வீரையா ஓர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஐம்பதை எட்டும் வயது. நெற்றியும் இடது தோளும் கன்றி நீலமாக வீங்கியிருந்தன. அவன் பின்னால் வடிவம்மா. அவள் காலடியில் ஒரு மூட்டை கட்டி வைக்கப்பட்டிருந்தது. போகச் சொல்லுமுன்பே கட்டிவிட்டார்கள்.

விமலேஸ்வரி எழுந்தார். "விதானையார், நான் ரண்டு மூண்டு கேள்வி கேக்கலாமோ? தம்பி நிஷாந்தன், சத்தம் கேக்கும்வரை மிசின் ஓடிக்கொண்டுதானே இருந்தது?"

"ஓம். எத்தினை தரம் சொல்லுறது?"

"பனங்குற்றிக்கு மேலைதானே?"

"வேறை எங்கை?"

"நல்லது. எல்லாரும் ஒருக்காக் கிணத்தடிக்கு வாங்கோ."

கூட்டம் கிணற்றடிக்கு நகர்ந்தது. விமலேஸ்வரி சத்தம் போடாமல், மழை அளவைப் படிக்கிற தொனியிலேயே சொன்னார்.

"நேற்று எங்கடை சனம் ஹெலியெண்டு நினைச்சு ஓடினது. பிழை சொல்ல ஏலாது. எங்களுக்கு வானத்திலேயிருந்து வந்ததெல்லாம் அதுதானே. ஆனா அதாலை கல் நிலத்திலே விழுறதை ஆரும் பாக்கேல்லை. வெளியிலே வரேக்கை கல் உருகிப் போட்டுது. மழை பெய்த மாதிரித்தான் எல்லாருக்கும் தெரிஞ்சது. இந்தக் குழியளைப் பாருங்கோ, இது கல் விழுந்த தடம். மேலை ஒரு பொருள் இருந்தால் கீழை குழி விழாது. வழியிலே ஒரு வண்டிலுக்குக் கீழை நாங்கள் பாத்தனாங்கள். அப்ப மிசின் இருந்த இடத்திலே குழி இருக்கலாமோ?"

விதானையார் குனிந்து பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார். "இருக்கே!"

"கல் விழேக்கை இங்கை மிசின் இருக்கேல்லை."

"வீரையா அதுக்குள்ளை தூக்கியிருப்பான்! பிறகும் கல் விழுந்திருக்கும்தானே?" என்றான் நிஷாந்தன் அவசரமாக.

"நானும் அப்படித்தான் யோசிச்சன். அதுதான் எண்ணினனான். என்ரை கையளவு இடத்திலே, குற்றிக்கு நடுவிலே பதினொண்டு. வெளியிலே பன்னிரண்டு. பாதியிலே தூக்கியிருந்தால் பாதிதானே இருக்கும்? உம்மடை கதை உண்மையெண்டால், நீர் ஓடத் தொடங்கின அதே நொடியிலே மிசின் பறந்திருக்கவேணும். ஓடிக்கொண்டு இருந்த மிசின் தம்பி. சூட்டிலே கையாலை தொடவும் ஏலாது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிஷாந்தன் சிரிக்கவில்லை.

"முதல் கல் விழமுதலே மிசின் போயிட்டுது," என்று தொடர்ந்தார் விமலேஸ்வரி. "அப்படியெண்டால் கடைசிவரை பக்கத்திலே நிண்டனெண்டு சொன்னவர் பொய் சொல்லுறார். ஏனெண்டு யோசிச்சன். களவுபோனதெண்டு பிறகு ஒருநாள் ஆற அமரச் சொல்லத்தான் ஒளிச்சிருக்கிறார். அதுக்குள்ளை கல்மழை வந்தது, வீரையா மட்டும் வெளியிலே நிண்டார். இதைவிட நல்ல நேரம் வராதெண்டு கதையை மாத்தினவர். கிருசாந்தன், சில்லுத் தடத்தைக் காட்டும்."

ஆறு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டிருந்த கிருசாந்தன் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாய்ப் பாய்ந்தான். தையலைக் காட்டினான், அதன் மேல் விழுந்திருந்த கல்குழியைக் காட்டினான், பாரத்தோடு போன ஆழத் தடத்தையும் வெறுமையாகத் திரும்பிய மேலோட்டத் தடத்தையும் காட்டினான், நிஷாந்தனின் சைக்கிளைக் கொண்டுவந்து தடத்தின் மேல் வைத்துக் காட்டினான், கடைசியில் பனையோலைகளை இழுத்தெறிந்தான். குழிக்குள், சாக்கால் சுற்றிய மிசின், ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது.

ராஜினி கணவனை ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள். உள்ளேயிருந்து அவள் அழும் சத்தம் கேட்டது.

"நான் விக்கவோ எடுக்கவோ இல்லை," என்றான் நிஷாந்தன். "புதன்கிழமைக்குப் பிறகு திருப்பி வைச்சிருப்பன். என்ரை வீட்டை ஆமி பிடிச்சிட்டான். சீதனமெண்டு சொன்ன ஒரு துண்டு நிலமும் கூலிக்காரனுக்கு எண்டால், எனக்கெண்டு இந்த உலகத்திலே என்ன இருக்கு?"

"அவருக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார் விமலேஸ்வரி. அன்று முழுவதிலும் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு கதிர்காமநாதனை நாற்றுமேடைக்கு அழைத்துப் போனார். "ஐயா, சுத்திவரப் பாருங்கோ. கத்தரி இல்லை, வெண்டி இல்லை. இது மட்டும் எப்படி நிக்குது? இந்த மூலையிலே இருக்கிற கால் ஆரின்ரை கால்? காத்து படங்கைத் தூக்காமல் பிடிச்சுக்கொண்டு பத்து நிமிசம் ஒரு மனிசன் இதிலே நிண்டிருக்கிறார். அவ்வளவு கல்லும் அவரின்ரை தலையிலே. அவர் உள்ளதைத்தான் சொன்னவர். நீங்கள் எல்லாரும் சிரிச்சனீங்கள்."

கதிர்காமநாதன் நாற்றுகளைப் பார்த்தார். வீரையாவின் நெற்றியைப் பார்த்தார்.

விதானையார்தான் கேட்டார். "வீரையா, அது கல்மழையெண்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"மலையில, லயத்துத் தகரத்துல இந்தச் சத்தத்தக் கேட்டுத்தாங்க வளந்தேன். கல்லுன்னு தெரிஞ்சிச்சு. நாத்துப் போச்சுன்னா ஐயாவுக்கு இந்த வருசமே போச்சு. அதான் எங்க வீட்டுப் படங்கத் தூக்கிக்கிட்டு ஓடினேன்."

"ஹெலியா இருந்திருந்தா என்ன செய்திருப்பாய்? அப்பவாவது பங்கருக்கு ஓடியிருப்பாய்தானே?"

வீரையா தலையைக் குனிந்துகொண்டான். வடிவம்மா முன்னால் வந்தாள்.

"அந்தப் பங்கர வெட்டுனது இவருதாங்க, ஐயா. மரம் தறிச்சு மூடினதும் இவருதான். வெட்டி முடிச்ச பெறகு நாங்க அதுக்குள்ள ஒருநாளும் எறங்கினதில்ல. எறங்குங்கன்னு யாரும் சொன்னதுமில்ல."

இலட்சுமி அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலையத் தொடங்கியது. சிரித்தவர்கள்தான் முதலில் போனார்கள்.

விதானையார் தொண்டையைக் கனைத்தார். "கதிர்காமநாதன், புதன்கிழமை காணிக் கச்சேரியிலே இந்தக் காணியைப் பற்றி ஒரு சாட்சி வேணும். காட்டை ஆர் வெட்டினது, எத்தினை வருசம் இருக்கினம் எண்டு."

"நான் வாறன்," என்றார் கதிர்காமநாதன். "எல்லாத்தையும் நானே சொல்லுறன். ஒண்டும் விடாமல் சொல்லுறன்." பிறகு வீரையாவிடம் திரும்பினார். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பன்னிரண்டு வருடப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது. "சரி வீரையா, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வெள்ளென வா. மிசினைப் பூட்டி நாத்துக்குத் தண்ணி விடவேணும்."

வீரையா குனிந்து மூட்டையை எடுத்து வடிவம்மாவின் கையில் கொடுத்தான். பிறகு நிமிர்ந்து கதிர்காமநாதனின் முகத்தைப் பார்த்தான்.

"நாளைக்கு வர முடியாதுங்க, ஐயா. என் காணியில வேல இருக்கு."